இரண்டு பக்கமும் காத்திருந்த நான்கு வாரங்கள்: ஒரு பரிமாற்ற மாணவியின் தொடக்க நாட்கள்

இந்தப் பதிவு பற்றி

பள்ளி மாணவர் பரிமாற்றத் திட்டம் ஒன்றில் உள்ளூர் ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். ஊதியம் இல்லாத தன்னார்வப் பணி. வெளிநாட்டிலிருந்து வரும் மாணவர், அவரைத் தங்கவைக்கும் குடும்பம், பள்ளி ஆகிய மூவருக்கும் நடுவே நிற்பதும், சிக்கல் என்றால் முதல் ஆளாகப் போய்ப் பார்ப்பதும் என் வேலை. இந்த நிகழ்வில் போக வேண்டிய இடத்துக்கு மூன்று வாரம் தாமதமாகப் போனேன். அந்த மூன்று வாரத்தில் என்ன நடந்தது என்பதை மற்ற ஒருங்கிணைப்பாளர்களும் பெற்றோரும் அறிய வேண்டும் என்றே எழுதுகிறேன்.

மாணவி, அவளுடைய பெற்றோர், தங்கவைத்த குடும்பம் ஆகிய மூன்று தரப்பும் ஒப்புக்கொண்ட பிறகே இது எழுதப்பட்டது. நாடுகள், பள்ளி, திட்டம் எதன் பெயரும் இதில் இல்லை. நாட்களின் வரிசையும் நடந்தவையும் என் குறிப்பேட்டில் உள்ளபடியே இருக்கின்றன.

பின்னணி

மாணவிக்கு அப்போது வயது 16. பத்து மாதத் திட்டம். வீட்டுக்கு ஒரே மகள். அதற்கு முன் பெற்றோரைப் பிரிந்து தொடர்ந்து மூன்று இரவுக்கு மேல் எங்கும் தங்கியதில்லை. போகும் நாட்டின் மொழியை மூன்று ஆண்டுகள் பாடமாகப் படித்து நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள்.

தங்கவைத்த வீட்டில் நான்கு பேர்: தாய், தந்தை, 17 வயது மகள், 7 வயது மகன். வெளிநாட்டு மாணவர் ஒருவரை ஏற்பது அவர்களுக்கு அதுவே முதல் முறை. வருபவளுக்காக மூத்த மகள் தன் அறையை விட்டுக்கொடுத்து, சிறிய அறைக்கு மாறியிருந்தாள். கோப்பில் இதைப் படித்தபோது நல்ல மனம் என்று நினைத்துக் கடந்துவிட்டேன்.

இரண்டு நாடுகளுக்கும் இடையே 9 மணி நேர வித்தியாசம். மாணவியின் வீடு முன்னால் இருந்தது. இங்கே நண்பகல் 12 என்றால் அங்கே இரவு 9. நடந்த பலவற்றுக்கும் திறவுகோல் இந்த ஓர் எண்ணில் இருந்தது.

இன்னொன்றும் பின்னணியில் சேர வேண்டியது. விமான நிலையத்தில் விடைபெறும்போது அவள் அப்பா, "பிடிக்கவில்லை என்றால் ஒரு வார்த்தை சொல்லம்மா, மறுநாளே டிக்கெட் போட்டுவிடுகிறேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அன்பினால் சொன்ன வார்த்தை. எங்களுக்கு அது ஆறாம் வாரம் வரை தெரியாது.

முதல் மூன்று வாரங்கள்

வந்து இறங்கியதும் மூன்று நாள் அறிமுக முகாம். நான்காம் நாள் குடும்பத்தார் வந்து அழைத்துச் சென்றார்கள். ஏழாம் நாள் பள்ளி தொடங்கியது.

முதல் வாரத்தில் அவள் எனக்கு ஐந்து புகைப்படங்கள் அனுப்பினாள். அறை, ஜன்னல், பஸ் நிறுத்தம், பள்ளி வாசல், மழை பெய்த தெரு. ஐந்திலும் மனிதர் ஒருவர்கூட இல்லை. அது அப்போது என் கண்ணில் படவில்லை.

பத்தாம் நாள் தொலைபேசியில் பேசினேன். அன்றைய குறிப்பு இப்படி இருக்கிறது: "தூக்கம் நன்று. சாப்பாடு நன்று. பள்ளி நன்று. குடும்பம் மிகவும் அன்பானவர்கள்." பேசியது நான்கு நிமிடம். ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லித் தப்பிக்கக்கூடிய கேள்விகளையே நான் கேட்டிருந்தேன். பதினாறு வயதுப் பிள்ளை, முன்பின் தெரியாத ஒருவரிடம், பக்கத்து அறையில் வீட்டார் இருக்கும்போது வேறு என்ன சொல்லும்?

நேரில் சந்திக்க நாங்கள் குறித்திருந்தது எட்டாம் வாரம். இந்தத் துறையில் பயிற்சிக்குப் போகும் எவருக்கும் பலகையில் கிண்ணம் போன்ற ஒரு வளைகோட்டை வரைந்து காட்டுவார்கள். நார்வேயைச் சேர்ந்த சமூகவியலாளர் ஸ்வெர்ரே லிஸ்கார்ட், அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் அந்த நாட்டில் தங்கிவிட்டு வந்த 200 நார்வேக்காரர்களை ஆராய்ந்து 1955-இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வந்த படம் அது. முதலில் உற்சாகம், பின்பு சரிவு, அதன் பின் மீட்சி. புதிய நாட்டில் பழக்கமில்லாத சூழல் தரும் தடுமாற்றத்தைக் குறிக்கும் பண்பாட்டு அதிர்ச்சி என்ற கருத்தைப் பரவலாக்கிய மானுடவியலாளர் கலெர்வோ ஓபெர்க், 1960-இல் வெளியான தம் கட்டுரையில் முதல் கட்டத்துக்குத் தேனிலவு என்றே பெயர் வைத்தார். எங்கள் அட்டவணை இந்தப் படத்தை நம்பி எழுதப்பட்டது. முதல் வாரங்கள் தேனிலவு என்றால் அப்போது போய்ப் பார்க்க என்ன இருக்கிறது? சரிவு தொடங்கும் சமயத்தில் போனால் போதும் என்று வைத்துக்கொண்டோம்.

ஆனால் 1998-இல் உளவியலாளர் காலின் வார்டும் அவருடைய சகாக்களும், நியூசிலாந்துக்குப் படிக்கப் போன ஜப்பானிய மாணவர்களை வந்திறங்கிய நாளிலிருந்தே தொடர்ந்து கவனித்தார்கள். கிண்ணம் கிடைக்கவில்லை. மனத்தளர்ச்சி தொடக்கத்தில்தான் மிகுதியாக இருந்தது, பிறகு தணிந்தது. இதை நான் படித்திருந்தேன். ஆனாலும் அட்டவணையில் கை வைக்கவில்லை.

மூன்றாம் வாரம் வகுப்பாசிரியரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. முதல் இரண்டு பாடவேளைகளில் மாணவிக்குக் கண் சொருகுகிறது, தலைவலி என்று இரண்டு முறை மருத்துவ அறையில் படுத்திருந்தாள் என்று எழுதியிருந்தார். "ஜெட் லாக், சில நாளில் சரியாகிவிடும்" என்று பதில் அனுப்பினேன். நெடுந்தூரம் பறந்து வந்த உடல் புதிய ஊரின் நேரத்துக்குப் பழக, ஒரு நேர மண்டலத்துக்கு ஏறத்தாழ ஒரு நாள் என்பது பொதுவான கணக்கு. ஒன்பது மண்டலங்களுக்கு ஒன்பது, பத்து நாள் போதும். அதிலும் அவள் மேற்கு நோக்கி வந்தவள். கிழக்கு நோக்கிப் போவதைவிட அந்தத் திசையில் உடல் எளிதாக ஒத்துப்போகும். மூன்றாம் வாரத்துத் தூக்கத்துக்கு ஜெட் லாக் காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. விரல் விட்டு எண்ணியிருந்தாலே எனக்குத் தெரிந்திருக்கும்.

நான்காம் வாரம்: ஒரே வீட்டைப் பற்றி இரண்டு புகார்கள்

இருபத்து நான்காம் நாள் இரவு அந்த வீட்டுத் தாய் என்னை அழைத்தார். குரலில் கோபம் இல்லை, அவமானப்பட்டவரின் தயக்கம் இருந்தது. "எங்களை அவளுக்குப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன். பள்ளியிலிருந்து வந்ததும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். சாப்பாட்டு மேசையில் தலை நிமிர்வதில்லை. நாங்கள் தொந்தரவு செய்யக் கூடாது என்று ஒதுங்கியே இருக்கிறோம். இன்னும் எத்தனை நாள் ஒதுங்குவது?"

மறுநாள் காலை தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு மின்னஞ்சலை எனக்கு அனுப்பியிருந்தார்கள். எழுதியவர் மாணவியின் தாய். "என் மகளை அந்த வீட்டில் யாரும் கண்டுகொள்வதில்லை. அவள் பாட்டுக்கு அறையில் கிடக்கிறாள். ஒருவரும் வந்து கூப்பிடுவதில்லை. வேறு வீடு பாருங்கள், இல்லாவிட்டால் திருப்பி அனுப்புங்கள்."

இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தேன். சாத்திய கதவின் ஒரு பக்கத்திலிருந்து ஒருவரும், மறுபக்கத்திலிருந்து மற்றவரும் எழுதியது போல இருந்தது. ஆனால் அந்த எண்ணத்தை உடனே நம்பக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிள்ளை அறையை விட்டு வெளியே வராததற்கு அந்த வீட்டில் உண்மையாகவே அஞ்சத்தக்க ஏதாவது இருக்கலாம். புரிதல் பிழை என்று முன்கூட்டியே முடிவு கட்டிக்கொண்டு போகும் ஒருங்கிணைப்பாளர் அதைக் காணாமலே திரும்பிவிடுவார்.

இருபத்தாறாம் நாள்: கண்டவை

பள்ளி விட்டதும் அவளை வாசலில் சந்தித்து ஒரு மணி நேரம் நடந்தோம். எதிரெதிரே உட்கார்ந்தால் கேள்வி விசாரணையாகிவிடும். பக்கத்தில் நடந்தால் முகம் பார்க்காமல் பேசலாம்.

பாதுகாப்புக் கேள்விகளை முதலில், சுற்றி வளைக்காமல் கேட்டேன். அறைக் கதவை உள்ளிருந்து பூட்ட முடியுமா? வீட்டில் யாராவது உன்னைத் தொட்டது, பயமுறுத்தியது, கத்தியது உண்டா? வயிறு நிறையச் சாப்பிடுகிறாயா? பாஸ்போர்ட் உன்னிடம்தான் இருக்கிறதா? யாரிடமும் சொல்லாதே என்று யாராவது எதையாவது சொல்லியிருக்கிறார்களா? ஒவ்வொன்றுக்கும் தயங்காமல் தெளிவாகப் பதில் சொன்னாள். அச்சத்துக்கு இடமளிக்கும் எதுவும் இல்லை. கேள்விகள் முடிந்ததும் அவள் நடையே கொஞ்சம் தளர்ந்தது. இதுவரை இப்படி யாரும் தன்னைக் கேட்டதில்லை என்றாள்.

பிறகு "எப்படி இருக்கிறாய்" என்பதைத் தவிர்த்துவிட்டு, "நேற்று பள்ளி விட்டதிலிருந்து தூங்கும் வரை என்ன செய்தாய், மணி மணியாகச் சொல்" என்றேன். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்து மனதுக்குள் கூட்டிக் கழித்தாள். எட்டிப் பார்த்தேன். முட்கள் பின்னிரவைக் காட்டின. வந்து இருபத்தாறு நாளாகியும் கடிகாரம் அவள் வீட்டு நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது.

மணி மணியாகச் சொன்னபோது உருவான சித்திரம் இது. பள்ளியில் மதிய இடைவேளை 12 மணிக்கு. அப்போது அவள் வீட்டில் இரவு 9, எல்லோரும் ஓய்வாக இருக்கும் நேரம். தினமும் அந்த 40 நிமிடமும் மைதானத்தின் ஓரத்தில் வீடியோ அழைப்பில் இருந்தாள். இரவு 10 மணிக்கு அங்கே காலை 7. அம்மா எழுந்து வேலைக்குக் கிளம்பும் வரை மறுபடி அழைப்பு, நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்பு வரை. அதன் பின் தூக்கம் வர 12.30. பஸ்ஸுக்காக 6 மணிக்கு எழ வேண்டும். 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் வெளியிட்ட பரிந்துரை. அவள் ஐந்தரை மணி நேரம் தூங்கினாள். அழைப்புகளைக் கூட்டிப் பார்த்தால் வாரத்துக்கு ஏறத்தாழ 17 மணி நேரம் வந்தது.

எண்ணிக்கையைவிட அந்த 40 நிமிடம்தான் என்னை உறுத்தியது. வகுப்பில் யாரும் பேச முடியாது, பஸ்ஸில் ஏற்கெனவே கூட்டு சேர்ந்தவர்கள் இருப்பார்கள். புதியவள் ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் அதை இயல்பாக எடுத்துக்கொள்ளும் நேரம் பள்ளியில் மதிய இடைவேளை ஒன்றுதான். பள்ளி தொடங்கிய வாரத்தில் இரண்டு பெண்கள் அவளை அழைத்திருக்கிறார்கள். காதில் கருவியோடு இருப்பதைப் பார்த்து நான்காம் நாள் விட்டுவிட்டார்கள்.

வீட்டுக்குள் நடந்ததைச் சொல்லத்தான் அவளுக்கு நேரம் எடுத்தது. அந்த வீட்டுத் தாயையும் தந்தையையும் எப்படிக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. முதல் நாளே "பெயர் சொல்லியே கூப்பிடு" என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அம்மா வயதுள்ளவரைப் பெயர் சொல்லி அழைக்க அவளுக்கு நா எழவில்லை. அம்மா என்று அழைக்கவும் மனம் ஒப்பவில்லை, தன் அம்மாவுக்குச் செய்யும் துரோகம் போல இருந்ததாம். ஆகவே இருபத்திரண்டு நாளாக யாரையும் எதுவும் சொல்லி அழைத்ததில்லை. கூப்பிடச் சொல் இல்லாதவள் பக்கத்து அறையில் இருப்பவரிடம் எதையும் கேட்க முடியாது. அவர் தானாகத் திரும்பிப் பார்க்கும் வரை வாசலில் நிற்க வேண்டும். இரண்டு முறை அப்படி நின்றுவிட்டு, பார்க்கவில்லை என்றதும் திரும்பிப் போயிருக்கிறாள்.

அந்த வீட்டு மாடிப்படியில் நான்காவது படி மிதித்தால் முனகும். அதைத் தாண்டி ஐந்தாவதில் கால் வைத்து ஏறக் கற்றுக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு யாராவது வெளியே வந்தால் பேச வேண்டிவருமே என்ற அச்சம். அதே மாலை வீட்டுத் தாயிடம் பேசியபோது, "பூனை மாதிரி நடக்கிறாள், எப்போது வருகிறாள் போகிறாள் என்றே தெரிவதில்லை" என்று அவர் குறைபட்டார். காரணத்தைச் சொன்னதும் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.

அவர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. ஒவ்வொரு மாலையும் அவளை அழைத்துத்தான் இருக்கிறார். "விருப்பம் இருந்தால் கீழே வா, நாங்கள் விளையாடப் போகிறோம்" என்று கதவுக்கு வெளியே நின்று சொல்லியிருக்கிறார். விருப்பம் இருந்தால் என்ற சொல்லை அவள் மரியாதைக்குச் சொல்வதாக எடுத்துக்கொண்டாள். இரண்டாம் முறை, மூன்றாம் முறை வற்புறுத்தி அழைத்தால்தான் உண்மையான அழைப்பு என்பது அவள் வளர்ந்த வீட்டின் பழக்கம். வற்புறுத்தாமல் விடுவதுதான் மரியாதை என்பது இவர்கள் வீட்டின் பழக்கம். இரு தரப்பும் தம் பங்கு நாகரிகத்தைக் குறைவில்லாமல் கடைப்பிடித்தார்கள். அதனாலேயே நான்கு வாரம் பேசாமல் கழிந்தது.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. கனடாவைச் சேர்ந்த மொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ், அன்றாடப் பேச்சுமொழியும் பாடநூல் மொழியும் வேறு வேறு திறன்கள் என்று 1979 முதல் எழுதிவந்தவர். புலம்பெயர்ந்த குழந்தைகளுக்குப் பேச்சு முதலில் வரும், பாடமொழி பல ஆண்டு பின்தங்கும் என்பது அவர் கண்டது. பரிமாற்ற மாணவர்களிடம் பெரும்பாலும் தலைகீழாகப் பார்க்கிறேன். இவளால் வரலாற்றுப் பாடத்தைப் படித்துப் புரிந்துகொள்ள முடிந்தது. நான்கு பேர் ஒருவர் பேச்சில் ஒருவர் புகுந்து பேசும் சாப்பாட்டு மேசையில் ஒரு வாக்கியம் பிடிபடவில்லை. தலை நிமிராமல் சாப்பிட்டது வெறுப்பினால் என்று அவர்கள் நினைத்தார்கள். நிமிர்ந்தால் யாராவது எதையாவது கேட்டுவிடுவார்களே என்று அவள் குனிந்திருந்தாள்.

எடுத்த முடிவுகள்

வீட்டை மாற்றுவதா என்பது முதல் கேள்வி. மாற்றவில்லை. பாதுகாப்பில் குறை எதுவும் தென்படவில்லை. புதிய வீட்டுக்குப் போனாலும் அதே கடிகாரமும் அதே மௌனமும் அவளோடு போகும். ஆனால் முடிவை நான் அவள் தலையில் சுமத்தவில்லை. மாற்றம் கேட்கும் உரிமை அவளுக்கு எந்நாளும் உண்டு என்று சொல்லி, இரண்டு வாரம் கழித்து இதே பாதையில் மறுபடி நடப்போம் என்று தேதி குறித்தேன்.

அடுத்தது அழைப்புகள். தொடக்க வாரங்களில் வீட்டோடு பேசுவதையே தடை செய்ய வேண்டும் என்று சொல்லும் ஒருங்கிணைப்பாளர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தடை போட்டால் போர்வைக்குள் பேசுவார்கள், கூடவே குற்ற உணர்வும் சேரும். ஆகவே நேரத்தை மட்டும் மாற்றச் சொன்னோம், அதையும் அவளையே தீர்மானிக்கச் சொன்னோம். மதிய அழைப்பை அவள் விட்டாள். இரவு 8.30 முதல் 9 வரை பேசலாம் என்றாள். அங்கே அது காலை 5.30. அம்மா வழக்கத்தைவிட முன்னதாக எழ வேண்டும். கேட்டதும் அம்மா உடனே சம்மதித்தார். சனிக்கிழமை மதியம் நீண்ட அழைப்பு.

கூப்பிடும் சொல்லுக்கு அந்த வீட்டுச் சிறுவன் வழி காட்டினான். மழலையில் தன் தாயின் பெயரை அவன் சிதைத்துச் சொன்ன வடிவம் ஒன்று வீட்டில் செல்லப்பெயராக நிலைத்திருந்தது. மாணவி அதையே எடுத்துக்கொண்டாள். தந்தையின் பெயரோடு தன் மொழியில் மூத்தவர்களுக்குச் சேர்க்கும் மரியாதைச் சொல் ஒன்றைச் சேர்த்தாள். அவருக்கு அது மிகவும் பிடித்துப்போனது.

வீட்டில் அவளுக்கு ஒரு பொறுப்பு தரச் சொன்னேன். பாத்திரம் கழுவுவது போன்ற தனியாகச் செய்யும் வேலை வேண்டாம், நான்கு பேரிடமும் வாய் திறந்தாக வேண்டிய வேலை வேண்டும் என்றேன். தினமும் மாலை ஒவ்வொருவரிடமும் போய், நாளை இரவுச் சாப்பாட்டுக்கு இருப்பீர்களா என்று கேட்டுச் சமையலறைப் பலகையில் எழுதும் வேலை அவளுக்கு வந்தது. ஒரே கேள்வி, நான்கு பேர், தினமும். குடும்பத்தாரிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: விருப்பம் இருந்தால் என்ற சொல்லை ஒரு மாதத்துக்கு எடுத்துவிடுங்கள், "ஏழு மணிக்கு வா" என்று சொல்லுங்கள், வரவில்லை என்றால் மறுபடி கூப்பிடுங்கள்.

மருத்துவரிடம் போக வேண்டிய எல்லையையும் அன்றே எழுதிவைத்தோம். தூக்கம் சீரான பின்னும் இரண்டு வாரம் பசியின்மை, தினசரி அழுகை, பள்ளி செல்ல முடியாமை தொடர்ந்தால் மருத்துவர். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் ஒரு முறை வெளிப்பட்டாலும் அன்றைக்கே மருத்துவர். இதை அவளுக்கும் படித்துக் காட்டினேன்.

ஐந்தாம் வாரம்

தூக்கம் முதலில் திரும்பியது. ஒரு வாரத்தில் தலைவலி நின்றது, வகுப்பில் கண் சொருகவில்லை என்று ஆசிரியர் எழுதினார்.

பலகை வேலை முதல் இரண்டு நாள் தடுமாறியது. மூன்றாம் நாள் சிறுவன் அவள் உச்சரிப்பைத் திருத்தினான். அவள் சொன்னதை நிறுத்தி, தன் உதட்டைக் காட்டி, மூன்று முறை சொல்லிக் காட்டினான். அவளும் மூன்று முறை சொன்னாள். பெரியவர்கள் மரியாதை கருதி விட்டுவிட்ட பிழைகளை அவன் ஒன்றுகூட விடவில்லை. அவனுக்குப் படுக்கைக் கதை வாசிக்கும் வேலையும் அவளிடம் வந்து சேர்ந்தது. யாரும் திட்டமிட்டது அல்ல.

பள்ளியில் நாங்கள் திட்டமிட்டது பலிக்கவில்லை. மதிய வேளைக்குத் துணையாக ஒரு மாணவியை ஆசிரியர் நியமித்தார். அந்தப் பெண்ணுக்கு அது கடமை, இவளுக்கு அது தெரிந்தது. ஒரே வாரத்தில் நின்றுபோனது. பின்பு நாடக மேடைக்குப் பின்திரை வரையும் குழு மதியத்தில் கூடுவதை அவளே கண்டுபிடித்துச் சேர்ந்தாள். கையில் தூரிகை இருக்கும்போது பேச்சு இல்லாவிட்டாலும் யாருக்கும் சங்கடமில்லை.

ஆறாம் வாரச் சறுக்கல்

அவள் குடும்பத்தில் நெருங்கிய உறவினர் திருமணம் ஒன்று நடந்தது. படங்கள் கைபேசிக்கு வந்து குவிந்தன. இரண்டு நாள் பள்ளிக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் அழைப்பில் அப்பா விமான நிலையத்தில் சொன்னதை மறுபடி சொன்னார். அப்போதுதான் அந்த வாக்குறுதி எங்கள் காதுக்கு வந்தது.

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் இதழில் கிறிஸ்டோபர் தர்பரும் எட்வர்ட் வால்டனும் 2007-இல் எழுதிய வழிகாட்டி அறிக்கை, வீட்டு ஏக்கத்தைத் தடுப்பது பற்றியது. பிடிக்காவிட்டால் அழைத்துக்கொள்கிறோம் என்ற உடன்பாட்டைப் பெற்றோர் முன்கூட்டியே செய்யக் கூடாது என்று அதில் வலியுறுத்துகிறார்கள். இந்தப் பிள்ளையிடம் அதன் பொருளைக் கண்ணால் பார்த்தேன். இருப்பதா போவதா என்ற கேள்வி ஒவ்வொரு காலையும் புதிதாக அவள் முன் வந்து நின்றது. முப்பத்தைந்து நாளாக தினமும் அதற்கு விடை சொல்லிக்கொண்டிருந்தாள்.

பெற்றோரோடு ஒரு மணி நேரம் பேசினேன். அப்பாவுக்கு என் மேல் கோபம் வந்தது, அது நியாயமானதே. கண்காணாத நாட்டில் பெண்ணை விட்டுவிட்டு இருப்பவரிடம், கையில் இருக்கும் ஒரே கயிற்றை விடுங்கள் என்று கேட்கிறேன். கயிற்றை விட வேண்டாம், ஆபத்துக்கும் துக்கத்துக்கும் வெவ்வேறு கயிறு வையுங்கள் என்றேன். மறுநாள் அவர் மகளிடம் சொன்னதை அவளே எனக்குச் சொன்னாள்: "பயமாக இருந்தால், யாராவது கெடுதல் செய்தால், எந்த நேரமும் கூப்பிடு, உடனே வருகிறேன். அழுகையாக வந்தால் அழு. அதற்காக டிக்கெட் இல்லை." அன்றிரவு நெடுநேரம் அழுததாகவும், பிறகு நன்றாகத் தூங்கியதாகவும் சொன்னாள்.

எட்டாம் வாரமும் அதன் பின்னும்

எட்டாம் வாரத்தில், முதலில் குறித்திருந்த அந்தச் சந்திப்பு நாளில், நான் போனபோது நான்காவது படி முனகும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். அவள் இறங்கி வந்துகொண்டிருந்தாள். கைக்கடிகாரம் இன்னும் வீட்டு நேரத்தில்தான் இருந்தது. மாற்றச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

பத்து மாதத்தையும் முடித்தாள். நெருங்கிய தோழி என்று ஒருத்திதான் கிடைத்தாள், அவளும் வேறு ஊரிலிருந்து புதிதாக அந்தப் பள்ளிக்கு வந்தவள்.

மூத்த மகளோடு உறவு கடைசி வரை சேரவில்லை. அறையை விட்டுக்கொடுத்தவள் ஒரு சகோதரியை எதிர்பார்த்தாள், நான்கு வாரம் சாத்திய கதவைப் பார்த்தாள். பிந்தைய மாதங்களில் மாணவி முயன்றபோது அவளிடம் மரியாதை இருந்தது, நெருக்கம் இல்லை. என் தாமதத்துக்கு உண்மையான விலை கொடுத்தவள் அந்தப் பெண் என்று நினைக்கிறேன். நானும் அவளோடு தனியாகப் பேசியதே இல்லை.

மாற்றியிருப்பவை

நேரடிச் சந்திப்பு இப்போது பத்தாம் நாளுக்குள், வீட்டுக்கு வெளியே, தனியாக. அமெரிக்க அரசின் விதிகளில் பள்ளிப் பரிமாற்ற மாணவரோடு ஒருங்கிணைப்பாளர் மாதம் ஒரு முறையாவது தொடர்பு கொள்வது கட்டாயம். எந்த நாட்டுக்கும் அது நல்ல குறைந்தபட்ச அளவு. முதல் மாதத்துக்கு மட்டும் அது போதாது என்பது என் அனுபவம். தொலைபேசிப் படிவத்தில் எப்படி என்று தொடங்கும் கேள்விகளை எடுத்துவிட்டோம். நேற்று மதிய இடைவேளையில் எங்கே இருந்தாய், வீட்டாரை என்ன சொல்லிக் கூப்பிடுகிறாய், கடைசியாக யாரோடு சிரித்தாய் என்று கேட்கிறோம். தங்கவைக்கும் வீட்டுப் பிள்ளைகளோடும் தனியாகப் பேசுகிறோம். பெற்றோருக்கான கூட்டத்தில் விமான நிலையத்தில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்ல வேண்டாம் என்பதற்கு அரைமணி ஒதுக்கியிருக்கிறோம்.

இந்தப் பதிவின் வரைவை மாணவிக்கு அனுப்பினேன். ஒரு திருத்தம் சொன்னாள். மதிய இடைவேளை தனக்குக் கடினமாகவே இல்லை, அப்போது அம்மா இருந்தார். தாங்க முடியாமல் இருந்தது ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் என்று எழுதியிருந்தாள். 2 மணிக்கு மேல் அவள் நாட்டில் எல்லோரும் தூங்கிவிடுவார்கள், இந்த வீட்டில் ஆளுக்கொரு மூலையில் ஓய்வாக இருப்பார்கள். இரவு அழைப்பு வரை அவளுக்கு யாரும் இல்லை. என் குறிப்பேட்டில் பக்கம் பக்கமாகத் தேடினேன். ஞாயிறு பிற்பகலைப் பற்றி ஒரு முறைகூட நான் கேட்டிருக்கவில்லை. படிவத்தில் அந்தக் கேள்வியைச் சென்ற வாரம் சேர்த்தோம்.